பிரசவத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒரே தாயின் அருகிலிருந்து மாணவிகள் கற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் படிப்புகளுக்கான மாணவர் சேர்க்கை, புதிய கல்லூரிகள், நிரப்பப்படாத பணியிடங்கள் ஆகியவை பற்றித் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருகிறது. அந்தப் படிப்புக்குள் என்ன கற்றுத்தரப்படுகிறது, எப்படிக் கற்றுத்தரப்படுகிறது என்பது பற்றிப் பொதுவெளியில் பேச்சு எழுவது குறைவு. அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் செவிலியராகப் பணியாற்றி, பின்னர் மகப்பேறு செவிலியத்தைக் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், பிரசவத்தின் கட்டங்களை நம் மாணவிகள் புரிந்துகொள்ளும் விதம் குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆண் மாணவர்களும் இன்று இந்தப் படிப்பில் இருக்கிறார்கள். பிரசவ அறைக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் மாணவிகள் என்றே எழுதுகிறேன்.

"பிரசவத்தின் கட்டங்களை விளக்குக" என்ற கேள்வி தேர்வில் வராத ஆண்டு அரிது. மாணவிகளும் தயக்கமின்றி எழுதிவிடுகிறார்கள். வலி தொடங்கியதிலிருந்து கருப்பை வாய் 10 செ.மீ. திறக்கும் வரை முதல் கட்டம். அதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை இரண்டாம் கட்டம். குழந்தை பிறந்ததிலிருந்து நஞ்சுக்கொடி வெளிவரும் வரை மூன்றாம் கட்டம். அதன் பிறகான ஓரிரு மணி நேரம் நான்காம் கட்டம். தலைப்பிரசவத்துக்கு இத்தனை மணி, அடுத்த பிரசவத்துக்கு இத்தனை மணி என்று பக்கத்திலேயே ஓர் அட்டவணையும் போட்டுவிடுவார்கள். மதிப்பெண் முழுமையாகக் கிடைக்கும். அதே மாணவியைப் பிரசவ அறையில் ஒரு கட்டிலின் அருகே நிறுத்தி, "இந்த அம்மா இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?" என்று கேட்டால், அவர் முதலில் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார். கட்டிலில் இருப்பவரின் முகத்தையோ, மூச்சையோ, வயிற்றையோ பார்த்துப் பதில் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. இதில் மாணவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் அவரை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்.

இதற்கு முதன்மையான காரணம், நாம் அவர்களிடம் கேட்கும் கணக்கு. பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த பாடத்திட்டத்தில், ஒரு மாணவி கர்ப்பிணிகளைப் பரிசோதித்தது 30, தாமே பார்த்த சுகப்பிரசவம் 20, பிரசவத்துக்குப் பிந்தைய தாய்மார்களைக் கவனித்தது 20 என்று பதிவேட்டை நிரப்பிக் காட்ட வேண்டியிருந்தது. பாடத்திட்டம் திருத்தப்பட்ட பிறகும் எண்ணிக்கையைத் துரத்தும் பழக்கம் போகவில்லை. ஒரே மருத்துவமனைக்கு நான்கைந்து கல்லூரிகளின் மாணவிகள் வரும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். "தலை தெரியுது" என்ற குரல் கேட்டதும் ஒரே கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் கூடுகிறார்கள். குழந்தை பிறந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். அந்தப் பெண் காலையிலிருந்து எப்படி வலி தாங்கினார் என்பதையோ, அடுத்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு என்ன ஆனது என்பதையோ அவர்களில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான்கு கட்டங்களில் மிகக் குறுகிய ஒரு பகுதியின் கடைசிச் சில நிமிடங்களைப் பார்த்தே ஒரு மாணவி பிரசவம் பார்த்தவராகிவிடுகிறார்.

முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நீண்டதும் பொறுமையைச் சோதிப்பதும் இதுவே. ஆனால் செவிலியருக்கு மிகுதியான வேலை இருப்பதும் இதில்தான். கருப்பையின் மேற்பகுதித் தசை ஒவ்வொரு வலியின்போதும் சுருங்குகிறது; வலி அடங்கிய பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை, சற்றுக் குறுகியே நிற்கிறது. இப்படி மேற்பகுதி தடித்துக்கொண்டே வர, கீழ்ப்பகுதி மெலிந்து நீண்டு, கருப்பை வாய் மேல்நோக்கி இழுபடுகிறது. தலைப்பிரசவத்தில் அந்த வாய் முதலில் மெலிந்து, பிறகே பெரும்பாலும் திறக்கும். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். இதைப் புரிந்துகொண்ட மாணவி, நான்கு மணி நேரம் கழித்துப் பரிசோதித்தபோதும் அதே 3 செ.மீ. என்று கேட்டவுடன் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்ல மாட்டார். வாய் மெலிந்திருக்கிறதா, மென்மையாகியிருக்கிறதா, தலை இறங்கியிருக்கிறதா என்று கேட்பார். சூட்டு வலிக்கும் உண்மையான வலிக்கும் உள்ள வேறுபாடும் அவருக்கு மனப்பாடம் செய்யாமலேயே விளங்கும்.

வலியை அளக்கும் வேலையை நான் மாணவிகளுக்கு இப்படித்தான் சொல்லித்தருவேன்: கையை நன்றாகக் கழுவி, உரசிச் சூடாக்கி, விரல்களை விரித்து வயிற்றின் மேற்பகுதியில் வைத்து, 10 நிமிடங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி அப்படியே இருக்க வேண்டும். விரலால் குத்தக் கூடாது. அழுத்தும்போது மூக்கு நுனியைத் தொடுவது போலிருந்தால் வலி மெலிது, மோவாயைப் போலிருந்தால் நடுத்தரம், நெற்றியைப் போலிருந்தால் வலுவானது. அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை இறுகியது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நின்றது, நடுவில் கருப்பை முழுமையாகத் தளர்ந்ததா என்று குறிக்க வேண்டும். முழுமையாகத் தளராத கருப்பை குழந்தைக்குப் போதிய இரத்தம் போக விடாது. கையை எடுக்காமல் பத்து நிமிடம் இருக்கும்போது வேறொன்றும் நடக்கிறது. அந்தப் பெண் பேசத் தொடங்குகிறார். பனிக்குடம் எப்போது உடைந்தது, நீர் என்ன நிறத்தில் இருந்தது, குழந்தையின் அசைவு குறைந்ததா என்று கேஸ் ஷீட்டில் இல்லாத விவரங்கள் அப்போதுதான் வெளிவரும். இன்று பல இடங்களில் வலியையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் பதிவுசெய்யும் கருவியை வயிற்றில் கட்டிவிட்டு மாணவி நகர்ந்துவிடுகிறார். கருவி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கையால் அறியத் தெரியாதவர் கருவி காட்டுவது சரியா தவறா என்று அறிய முடியாது.

அடுத்து, பாடப்புத்தகங்களில் உள்ள எண்கள். கருப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்ற விதியை நம் மாணவிகள் இன்றும் வேதவாக்காகப் படிக்கிறார்கள். இதன் வரலாற்றை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1950களின் நடுவில் நியூயார்க்கில் ஃபிரீட்மேன் என்ற மருத்துவர், முதல் குழந்தையைப் பெற்றெடுக்கும் 500 பெண்களின் பிரசவத்தை வரைபடமாக்கி, சராசரிப் போக்கைக் காட்டினார். 1972இல் அன்றைய ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) பில்பாட், காசில் என்ற இருவர் அதன் அடிப்படையில், தாமதத்தைக் காட்டும் எச்சரிக்கைக் கோடும், மருத்துவர் முடிவெடுத்துச் செயல்பட வேண்டிய நேரத்தைக் காட்டும் செயல்கோடும் வரைந்தார்கள். பெரிய மருத்துவமனையிலிருந்து தொலைவில் பணியாற்றிய பேறுகாலச் செவிலியர், தாமதமாகும் தாய்மார்களை உரிய நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்புவதற்காகவே எச்சரிக்கைக் கோடு வரையப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்த வரைபடத்தைப் பார்ட்டோகிராப் என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். தாமதத்தைக் கண்டறிய வரைந்த கோடு, காலப்போக்கில் ஒவ்வொரு பெண்ணும் தாண்ட வேண்டிய இலக்காக மாறிவிட்டது என்பதே என் வருத்தம்.

2018இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கருத்தைத் திருத்தியது. முதல் கட்டத்தில் திறப்பு வேகமெடுக்கும் தீவிரப் பகுதி 5 செ.மீ. திறப்பிலிருந்தே தொடங்குகிறது என்றும், அதற்கு முந்தைய பகுதிக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரையறுக்க இயலாது என்றும், மணிக்கு 1 செ.மீ. என்ற வேகத்தை எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவத் தலையீடு செய்யக் கூடாது என்றும் அது அறிவித்தது. தீவிரப் பகுதி தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தையும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டுவதில்லை. இரண்டாம் கட்டம் தலைப்பிரசவத்தில் 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 2 மணி நேரம் வரை ஆகலாம். 2020 டிசம்பரில் பார்ட்டோகிராப்புக்கு மாற்றாகப் புதிய பிரசவப் பராமரிப்பு வழிகாட்டிப் படிவமும் வந்தது. அதில் ஒரே சாய்கோடு கிடையாது, 5 செ.மீ.யில் 6 மணி நேரம், 6 செ.மீ.யில் 5 மணி நேரம், 7 செ.மீ.யில் 3 மணி நேரம் என்று ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி எச்சரிக்கை வரம்பு உண்டு. என்னை மிகவும் கவர்ந்தது அந்தப் படிவத்தின் தொடக்கப் பகுதி. துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலி தணிக்க ஏதேனும் செய்யப்பட்டதா, வாய்வழியாக நீராகாரம் குடித்தாரா, எந்த நிலையில் இருக்கிறார் என்ற கேள்விகளை அது முதலில் வைக்கிறது. கருப்பை வாயின் அளவு அதற்குப் பிறகே வருகிறது.

இது ஏட்டளவுத் திருத்தமாக நின்றுவிடக் கூடாது என்பதற்குத் தமிழகத்தில் தனிக் காரணம் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. இது பெருமைப்பட வேண்டிய சாதனை. 24 மணி நேரமும் பணியாற்றும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. அதே ஆய்வு, நம் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நடப்பதாகவும் சொல்கிறது. இதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றில் குடும்பங்களின் அச்சமும், நல்ல நேரம் பார்ப்பதும், தனியார் மருத்துவமனைகளின் வசதியும் அடங்கும். ஆயினும் 3 செ.மீ. திறப்பிலேயே அனுமதிக்கப்பட்டு, படுக்க வைக்கப்பட்டு, சில மணி நேரத்தில் "வாய் திறக்கவில்லை" என்று அறுவை அரங்குக்குச் சென்ற தலைப்பிரசவப் பெண்களை நான் கண்டிருக்கிறேன். தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது 5 செ.மீ.க்கு முன்பு வலியைத் தூண்டும் மருந்தோ அறுவைச் சிகிச்சையோ தேவையில்லை என்று அறிந்த செவிலியர் அங்கே இருந்தால், டூட்டி டாக்டரிடம் சொல்வதற்கு அவரிடம் தகவல் இருக்கும்.

அந்த நீண்ட நேரத்தில் செவிலியர் செய்யக்கூடியவை எளியவை. நடக்கவிடலாம், கஞ்சியோ மோரோ குடிக்கக் கொடுக்கலாம், இடுப்பின் பின்புறத்தை அழுத்தித் தேய்த்துவிடலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அழைத்துப்போகலாம், தாயோ அக்காவோ மாமியாரோ, அந்தப் பெண் விரும்பும் துணையை உள்ளே இருக்க விடலாம். நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி நெடுங்காலமாகவே உண்டு. நடைமுறையில் கூட்டத்தைக் காரணம் காட்டி அந்தத் துணை வெளியே நிறுத்தப்படுவதை மாணவிகள் பார்க்கிறார்கள், பார்ப்பதையே கற்கிறார்கள்.

இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டதை அறிய உள்பரிசோதனைதான் வழி என்று மாணவிகள் நினைக்கிறார்கள். உறுதிசெய்வது அதுவே என்றாலும், முன்கூட்டியே அறிவிப்பவர் அந்தப் பெண்தான். "வெளிக்கு வருது சிஸ்டர்" என்று அவர் சொல்வார். குழந்தையின் தலை மலக்குடலை அழுத்துவதால் வரும் உணர்வு அது. விவரம் அறியாத மாணவி அவரைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டால் குழந்தை அங்கேயே பிறந்துவிடும் ஆபத்து உண்டு. மேலுதட்டில் வியர்வை, திடீர் வாந்தி, கால்கள் நடுங்குவது, "என்னால் முடியாது, வீட்டுக்குப் போறேன்" என்ற புலம்பல் ஆகியவை முதல் கட்டத்தின் முடிவில் பலரிடம் தென்படும். இந்தப் புலம்பலுக்குச் சிலர் அதட்டலையும், சில நேரம் அடியையும் பதிலாகக் கொடுப்பதை மாணவிகள் காண நேர்வது வெட்கத்துக்குரியது. புலம்பலை ஓர் அறிகுறியாகப் படிக்கக் கற்றவர் அதட்ட மாட்டார்; குழந்தையின் இதயத்துடிப்பை 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கத் தொடங்குவார், பிரசவத் தட்டு ஆயத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

முழுவதும் திறந்ததும் "மூச்சைப் பிடி, முக்கு, முக்கு" என்று அறையே கத்துவதும் இன்னும் மாறவில்லை. முக்க வேண்டும் என்ற உந்துதல் தானாக வரும்போது முக்கினால் போதும். வயிற்றின் மேற்பகுதியை முழங்கையால் அழுத்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. தலைப்பிரசவம் என்பதற்காகவே எல்லோருக்கும் பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவதையும் அது ஏற்கவில்லை. தலை வெளிவந்ததும் ஒரு கணம் எல்லாம் நின்றது போலிருக்கும். அந்த நேரத்தில் மாணவியின் கை இழுக்கத் துடிக்கும். இழுக்கக் கூடாது. கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குழந்தையின் தலை தானாகவே பக்கவாட்டில் தாயின் தொடையை நோக்கித் திரும்பும். உள்ளே தோள்கள் இடுப்பெலும்பின் முன்பின் அளவுக்கு ஏற்பத் திரும்புவதன் வெளி அடையாளம் அது. அடுத்த வலியில் தோள் வரும். பிறக்கும்போது கருவின் அசைவுகள் என்று வரிசையாக ஒப்பிக்கப்படும் பாடம், இந்த ஒரு நிமிடத்தை அமைதியாகப் பார்த்த மாணவிக்கு வாழ்நாள் முழுவதும் மறக்காது.

நான் மிகுதியாகக் கவலைப்படுவது மூன்றாம், நான்காம் கட்டங்களைப் பற்றியே. தேர்வுத்தாளில் இவற்றுக்கு நாலு வரி. பிரசவ அறையில் மாணவிகள் கலைந்துபோகும் நேரமும் இதுவே. ஆனால் தாய்மார்களின் உயிரை அதிகம் பறிக்கும் இரத்தப்போக்கு நிகழ்வது இங்கேதான். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை மூடுவது, அவற்றைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் கருப்பைத் தசை நார்களின் இறுக்கம். அந்த இறுக்கம் தளர்ந்தால், நல்ல உடல்நிலையில் இருந்த பெண்ணும் மிகக் குறுகிய நேரத்தில் ஆபத்தான நிலைக்குப் போய்விடுவார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 10 யூனிட் போடுவதற்கும், அந்த மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே. வெயிலில் மேசை மேல் கிடந்த ஊசி மருந்து வீரியம் இழந்திருக்கலாம். அதை நம்பிப் போட்டவருக்கு அது தெரியாது.

நஞ்சுக்கொடி பிரிந்ததன் அறிகுறிகளான, திடீரென்று கொஞ்சம் இரத்தம் வருவது, வெளியே உள்ள கொடி நீள்வது, கருப்பை உருண்டு கெட்டியாகி மேலே எழும்புவது ஆகியவற்றை நூலில் படித்தவர்கள், ஒருமுறை கையால் உணர்ந்திருக்க வேண்டும். பிறகு வரும் இரண்டு மணி நேரத்தில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றில் கைவைத்துக் கருப்பையின் உயரமும் கெட்டித்தன்மையும் பார்க்க வேண்டும். கருப்பை தொப்புளுக்கு மேலே ஏறி வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது. அவரைச் சிறுநீர் கழிக்கச் செய்தாலே கருப்பை இறங்கி இறுகும். குழந்தையை மார்பில் போட்டுப் பால் குடிக்க விட்டாலும் இறுகும். துணியை விலக்கி அடியில் தேங்கிய இரத்தத்தைப் பார்க்காமல், மேலே போர்த்திய போர்வையைப் பார்த்துவிட்டு "நார்மல்" என்று எழுதுவது பெருங்கேடு. கண்ணால் மதிப்பிடும் இரத்த அளவு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது மீண்டும் மீண்டும் நிறுவப்பட்டுள்ளது. அளவுக் கோடிட்ட இரத்தச் சேகரிப்பு விரிப்பு நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவிப் பகுதியில் நடந்த ஆய்வுக்காக உருவாக்கப்பட்டது. அத்தகைய விரிப்பை வைத்து இரத்தப்போக்கை முன்கூட்டியே கண்டறிந்து, உடனே கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்து, திரவம், பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் உள்ள 80 மருத்துவமனைகளில் கடுமையான விளைவுகள் 60 விழுக்காடு குறைந்ததாக 2023இல் முடிவு வெளியானது. விரிப்பு எல்லா இடத்திலும் கிடைக்கும் வரை, மாணவியின் கையும் கண்ணும் அந்த இரண்டு மணி நேரமும் தாயிடமே இருக்க வேண்டும். 2018-20 கணக்கின்படி தமிழகத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். கேரளத்தில் அது 19. அந்த இடைவெளியைக் குறைக்கும் வேலையில் ஒரு பகுதி இந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

எனவே கல்லூரி முதல்வர்களுக்கும் பாடத்திட்டத்துக்குப் பொறுப்பானவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. எத்தனை பிரசவம் என்ற எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மாணவியும் குறைந்தது ஐந்து தாய்மார்களை, அனுமதிக்கப்பட்ட நேரத்திலிருந்து பிரசவம் முடிந்து இரண்டு மணி நேரம் வரை, இடையில் விட்டுப்போகாமல் கவனித்திருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். கல்லூரிப் பேருந்து மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது என்பதற்காகக் கருப்பை வாய் 4 மணிக்குள் திறந்துவிடாது. இதற்காக இரவுப் பணியும், பாதுகாப்பான தங்குமிடமும், உடன் ஓர் ஆசிரியையும் வேண்டும். ஒரு தாய்க்கு ஒரு மாணவி, அதிகம் போனால் இருவர் என்ற வரம்பை மருத்துவமனை நிர்வாகமும் பிடிவாதமாகக் காக்க வேண்டும். அது அந்தத் தாயின் மானம் சார்ந்ததும்கூட. பேறுகாலச் செவிலியத்தைத் தனிச் சிறப்புப் பயிற்சியாக வளர்க்க மத்திய அரசு 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டு, 18 மாதப் பயிற்சியையும் வகுத்திருக்கிறது. அந்தப் பயிற்சி பெற்றவர்களை முதலில் மாணவிகள் வரும் பிரசவ அறைகளில் நியமித்தால் இருதரப்புக்கும் பயன்.

தேர்வுக் கேள்வியையும் மாற்றலாம். "கட்டங்களை விளக்குக" என்பதற்குப் பதிலாக, "முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் 23 வயதுப் பெண்; பத்து நிமிடத்தில் மூன்று வலி, ஒவ்வொன்றும் 40 விநாடி; கருப்பை வாய் 4 செ.மீ., பனிக்குடம் உடையவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140; காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை; அடுத்த நான்கு மணி நேரத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது வகுப்பில் பாடம் நடத்தும் முறையும் தானாக மாறும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறு செவிலிய ஆசிரியை,
மதுரை மாவட்டம்.